பளபளப்புக்கு எவ்வளவு, பயனுக்கு எவ்வளவு? 4,000 வெள்ளிக் கணினியின் கணக்கு

எஸ்.பி.எம். முடிந்து டிப்ளோமா வகுப்புகள் தொடங்கும் காலம் வந்துவிட்டால், நம் வீடுகள் பலவற்றில் ஒரே வழக்குதான் நடக்கும். மகனுக்கு கிராபிக் டிசைன் படிக்க இடம் கிடைத்திருக்கும். அல்லது மகள் அனிமேஷன், உள் அலங்காரம், கட்டடக்கலை என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பாள். "நல்ல கம்ப்யூட்டர் ஒன்னு வேணும்பா" என்று பிள்ளை கேட்கும். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின லேப்டாப் என்ன ஆச்சு?" என்பார் அப்பா. "அதுல கேம் ஓடாது, அதான்!" என்று தங்கை நடுவில் போட்டுக் கொடுப்பாள். கேட்டது படிப்புக்கா, விளையாட்டுக்கா என்ற சந்தேகம் அத்தோடு அப்பாவின் மனத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தச் சண்டைக்கு அவசியமே இல்லை. விளையாட்டில் ஓடும் காரின் மேல் விழும் வெளிச்சத்தைக் கணக்கிடும் அதே கிராபிக்ஸ் கார்டுதான், முப்பரிமாணத்தில் வரைந்த ஒரு வரவேற்பறையில் சன்னல் வழியே விழும் வெயிலையும் கணக்கிடுகிறது. விளையாட்டுக்கென்று நன்றாக அமைத்த கணினி பெரும்பாலான வடிவமைப்பு வேலைக்கும் நன்றாகவே உழைக்கும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி வேறு. கையில் உள்ள பணத்தில் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்பதுதான் அது.

நான் இங்கே 4,000 வெள்ளியை வைத்துப் பேசுகிறேன். கணினி உலகில் இது சிக்கனமான தொகை. ஆனால் குடும்பக் கணக்கில் அப்படி இல்லை. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை வைத்துப் பார்த்தால் இரண்டு மாத உழைப்புக்கும் மேல். 2024 மே மாதம் இபிஎஃப் சேமிப்பில், எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வந்த பிறகு, பிள்ளைகளின் கணினிக்காக அதில் கைவைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். முதுமைக்கு வைத்த பணம் வண்ண விளக்குக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் போய்விடக்கூடாது.

முதலில் மென்பொருள், பிறகு கடை

கடைக்குக் கிளம்புவதற்கு முன் பிள்ளையிடம் ஒன்றைக் கேளுங்கள்: "உன் வகுப்பில் என்னென்ன மென்பொருள் பயன்படுத்துவார்கள்?" கல்லூரியில் கேட்டால் பட்டியல் கொடுப்பார்கள். 'டிசைன்' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து விதமான வேலைகள் இருக்கின்றன.

போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகியவைதான் முக்கியம் என்றால், விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. பிராசசரும் ரேமும் நல்ல திரையும் போதும். ஆட்டோகேட் வரைபடம் பெரும்பாலும் பிராசசரின் ஒரே ஒரு கோரை நம்பி ஓடுகிறது. பதினாறு கோர் இருந்தாலும் கோடு வேகமாக வரையப்படாது. பிளெண்டர், அன்ரியல் எஞ்சின், கட்டடங்களை நிஜம்போல் காட்டும் ரெண்டரிங் மென்பொருள்கள் ஆகியவைதான் கிராபிக்ஸ் கார்டைச் சக்கையாகப் பிழியும். வீடியோ எடிட்டிங்குக்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். சேமிப்பு இடம் மட்டும் நிறைய வேண்டும். 3டிஎஸ் மேக்ஸ் போன்ற சில மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும். மேக்புக் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு திகைக்கும் குடும்பங்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது.

மடிக்கணினியா, மேசைக் கணினியா என்ற கேள்விக்கு என் பதில் எளிது. பிள்ளை விடுதியில் தங்கப் போகிறது, அடிக்கடி தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்றால் மடிக்கணினி. வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய் வருகிறது என்றால் மேசைக் கணினி. ஒரே பெயர் கொண்ட கிராபிக்ஸ் கார்டு மடிக்கணினிக்குள் குறைந்த மின்சாரத்தில் அடக்கி வாசிக்கப்படுகிறது. வேகமும் அதற்கேற்பக் குறைகிறது. மேசைக் கணினியில் ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இருக்கிற பழைய மடிக்கணினி வகுப்புக் குறிப்புக்கும் அசைன்மென்ட் எழுதுவதற்கும் தொடர்ந்து உழைக்கட்டும்.

என் பங்கீடு

கிராபிக்ஸ் கார்டுக்கு 1,300 வெள்ளி. பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்து 850. ரேமுக்கு 450. எஸ்.எஸ்.டி.க்கு 350. பவர் சப்ளைக்கு 250. திரைக்கு 500. கேசிங்குக்கு 150. கீபோர்டும் மவுஸும் 100. மிச்சமுள்ள 50 வெள்ளியில் மின் எழுச்சியைத் தடுக்கும் நல்ல எக்ஸ்டென்ஷன் ஒன்று. விலைகள் வாரத்துக்கு வாரம் ஆடும். அங்கே ஐம்பது குறையும், இங்கே நூறு ஏறும். ஆனால் பங்கீட்டின் வடிவத்தை விட்டுவிடாதீர்கள். கேசிங்குக்கு 350 வெள்ளி போய், பவர் சப்ளைக்கு 90 வெள்ளி மிஞ்சும் பட்டியலைப் பார்த்தால் எச்சரிக்கை அடையுங்கள். கண்ணாடியும் விளக்கும் வைத்த கேசிங் அழகுதான். அதே சமயம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் அடைத்து, காற்று புகவே வழியில்லாமல் செய்த கேசிங்குகளும் சந்தையில் உண்டு. நம் ஊர் வெயிலில், ஏர்கோன் இல்லாத அறையில், காற்றோட்டமுள்ள வலை முகப்புக் கேசிங்தான் நிலைக்கும்.

பெரிய பங்கு ஏன் கிராபிக்ஸ் கார்டுக்கு?

விளையாட்டின் வேகத்தையும் முப்பரிமாண வேலையின் வேகத்தையும் ஒருசேரத் தீர்மானிப்பது அதுதான். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று மூன்று நிறுவனங்கள் இதில் போட்டியிடுகின்றன. விளையாட்டு மட்டும் என்றால் அதே விலைக்கு ஏஎம்டி கார்டு பல நேரங்களில் கூடுதல் வேகம் தரும். வடிவமைப்பும் சேரும்போது நான் என்விடியா பக்கம் சாய்வேன். 'குடா' எனப்படும் அதன் நிரல் தளத்தை நம்பியே பல ரெண்டரிங் மென்பொருள்கள் வளர்ந்தன. பிளெண்டரின் சைக்கிள்ஸ் எஞ்சின் இப்போது மூன்று நிறுவனக் கார்டுகளிலும் ஓடுகிறது என்றாலும், என்விடியாவின் 'ஆப்டிக்ஸ்' வழியில்தான் அது பழக்கப்பட்ட குதிரைபோல் ஓடுகிறது.

அடுத்தது கார்டுக்குள் இருக்கும் நினைவகம். விளையாட்டுக்கு 1080பி திரையில் 8 ஜிபி இன்னும் சமாளிக்கிறது. முப்பரிமாணக் காட்சி ஒன்றில் மரங்களும் துணிமடிப்புகளும் பெரிய பெரிய படங்களும் சேரும்போது, அது கார்டின் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் வேலை நத்தையாகிவிடும். சில நேரங்களில் பிழைச் செய்தியோடு நின்றேவிடும். எனவேதான் 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டின் 12 ஜிபி வகையை வடிவமைப்பு மாணவர்கள் இன்னும் தேடுகிறார்கள். அதைவிடப் புதிய 4060, 5060 இரண்டும் விளையாட்டில் வேகமானவை. நினைவகம் 8 ஜிபிதான். முப்பரிமாணம் அதிகம் என்றால் 12 ஜிபி, விளையாட்டும் போட்டோஷாப்பும் என்றால் புதிய 8 ஜிபி என்று பிரித்துக்கொள்ளலாம். இன்டெல் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆர்க் பி580 கார்டிலும் 12 ஜிபி உண்டு. ஆனால் பழைய கணினியில் கொண்டுபோய்ச் செருகினால் அதன் முழு வேகம் கிடைக்காது.

இங்கே ஒரு பொறியைக் காட்டிவிட வேண்டும். 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு. குறைவது நினைவகம் மட்டுமல்ல, அதற்குச் செல்லும் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகிவிடுகிறது. 3050 கார்டிலும் 6 ஜிபி, 8 ஜிபி என இரண்டு. 6 ஜிபி வகையில் உள்ளிருக்கும் கோர்களின் எண்ணிக்கையே குறைவு. மறுபுறம், 'ஜிடி 730, 4 ஜிபி' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வார்கள். நான்கு ஜிபி இருந்து என்ன செய்ய? அது பத்தாண்டுக்கும் மேல் பழைய, வேகமற்ற கார்டு. பெயரையும் ஜிபியையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

பிராசசரில் பெருமைக்கு இடமில்லை

"ஐ7 போட்டாத்தான் நல்லது" என்று சித்தப்பா சொல்வார். 'ஐ7' என்பது ஒரு வரிசையின் பெயர்தான், வயதைச் சொல்லாது. 2013-இல் வந்த ஐ7-உம் ஐ7தான். இன்றைய ஐ5 அதை எளிதாக முந்திவிடும். ஆறு கோர், பன்னிரண்டு திரெட் உள்ள பிராசசர் நம் பட்ஜெட்டுக்குப் போதும். ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெல்லின் ஐ5-12400எஃப் இரண்டும் இதற்குப் பழகிய குதிரைகள். எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு 5600ஜி போல, படம் காட்டும் வசதி உள்ளேயே அமைந்த பிராசசர் பொருந்தும். அதில் வெலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுகள் ஓடிவிடும்.

ரைசன் 5600 பொருந்தும் ஏஎம்4 மதர்போர்டு வரிசை தன் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. 2022-இல் வந்த ஏஎம்5 வரிசைக்கு 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. மூன்று ஆண்டு கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்5 நல்லது. ஆனால் அதில் டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். மொத்தச் செலவு கூடும். டிப்ளோமா முடியும்வரை ஒழுங்காக ஓடினால் போதும் என்றால் ஏஎம்4 தப்பில்லை. நான் அந்த வித்தியாசத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவேன்.

பிராசசரைக் கையில் வாங்கும்போது அதன் உலோக முதுகைக் கொஞ்சம் பாருங்கள். பலவற்றில் மலேசியா என்று பொறித்திருக்கும். இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கில்தான் தொடங்கியது. பாயான் லெப்பாசில் வேலை பார்த்த அத்தை, மாமா யாராவது உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம்.

ரேம் ஏன் இப்படி விலையேறியது?

இரண்டு ஆண்டுக்கு முன் கணினி வாங்கியவர்களிடம் விலை கேட்டு வந்தால் ரேம் விலையில் அதிர்ச்சி காத்திருக்கும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அவற்றை வாரிச் சுருட்டுகின்றன. பொதுமக்களுக்கான 'குருஷியல்' ரேம் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக மைக்ரோன் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஜொகூரில் வரிசையாக எழும் தரவு மையங்களைச் செய்தியில் பார்க்கிறோமே, அந்த அலைதான் நம் பிள்ளையின் ரேம் விலையிலும் வந்து மோதுகிறது.

எனவே 16 ஜிபியில் தொடங்குவோம். அதை 8 ஜிபி வீதம் இரண்டு துண்டாக வாங்குங்கள். இரண்டும் இணைந்து ஓடும்போது தரவு இரு வழிப் பாதையில் போகும். ஒரே 16 ஜிபி துண்டில் அந்த வேகம் கிடைக்காது. மதர்போர்டில் நான்கு துளை இருந்தால் நாளை விலை இறங்கியதும் இன்னும் இரண்டைச் சேர்த்து 32 ஆக்கலாம். துணிந்து பழையது வாங்கலாம் என்று நான் சொல்லும் பாகமும் ரேம்தான். அதில் தேய்வதற்கு எதுவும் இல்லை. கெட்டிருந்தால் சோதனையில் தெரிந்துவிடும். டிடிஆர்4-ஐயும் டிடிஆர்5-ஐயும் மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்றின் துளையில் மற்றது நுழையாது.

எஸ்.எஸ்.டி.யும் அதே நினைவகச் சில்லுக் குடும்பம்தான்; அதன் விலையும் கூடவே ஏறுகிறது. என்விஎம்இ வகையில் 1 டிபி கிடைத்தால் நல்லது. 350 வெள்ளிக்குள் அடங்காவிட்டால் 500 ஜிபியில் தொடங்கி, பழைய மடிக்கணினியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

யாரும் பார்க்காத பெட்டி

பவர் சப்ளை பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கேசிங்குக்குள் கீழே ஒளிந்திருக்கும், விளக்கு எரியாது, நண்பனிடம் காட்டிப் பெருமைப்பட முடியாது. அதனால் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் கத்தரி முதலில் இங்கேதான் விழுகிறது. மற்ற எந்தப் பாகம் கெட்டாலும் அது மட்டும் போகும். மட்டமான பவர் சப்ளை போகும்போது மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும்.

பெட்டியின் மேல் '500 வாட்' என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ட் என்ற வரிசையைத் தேடுங்கள். அதன் கீழே எத்தனை ஆம்ப் என்று எழுதியிருக்கும். பன்னிரண்டால் பெருக்குங்கள். 25 ஆம்ப் என்றால் 300 வாட். பிராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைக்கப்போவது அவ்வளவுதான். நல்ல 550 வாட் பெட்டியில் அது 45 ஆம்ப் அளவில் இருக்கும். கடையிலேயே, கைபேசிக் கணிப்பானில் அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

எவ்வளவு வாட் வேண்டும்? 3060 கார்டு 170 வாட் வரை இழுக்கும். ரைசன் 5600-க்கு முழு வேகத்திலும் 90 வாட் ஒதுக்கினால் போதும். மற்றவை எல்லாம் சேர்ந்து 50. மொத்தம் 310 வாட் வருகிறது. திடீர் ஏற்றங்களுக்கும் இடம்விட்டு 550 வாட் வாங்கினால் போதும். "750 போடுங்க பாஸ்" என்று கடைக்காரர் சொல்வதற்கு அவசியமில்லை. '80 பிளஸ்' முத்திரையைப் பாருங்கள். ஆனால் அது மின்சாரத்தை வீணாக்காமல் பயன்படுத்துவதற்கான சான்று மட்டுமே. பாதுகாப்புக்கு நான் பார்ப்பது உத்தரவாத ஆண்டுகளை. ஐந்து ஆண்டு தருபவர் தன் பொருளை நம்புகிறார் என்று அர்த்தம்.

மழைக்கால மாலையில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி எப்படி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. இடி நெருங்கினால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கிவிடுவது பாட்டி காலத்து டிவி வைத்தியம். கணினிக்கும் அதுவே மருந்து.

குங்குமச் சிவப்பு எப்படிப் பழுப்பானது?

வீட்டுத் திருமண அழைப்பிதழைப் பிள்ளை ஆசையாக வடிவமைத்திருக்கும். திரையில் குங்குமச் சிவப்பு. அச்சகத்திலிருந்து வந்தது காய்ந்த மருதாணி நிறம். ஒரு பகுதிக் காரணம், திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. இரண்டின் எல்லையும் வேறு. இன்னொரு பகுதி, திரையே பொய் சொல்வது. விளையாட்டுக்கென்று விற்கும் மலிவான சில திரைகளில் வேகம் 180 ஹெர்ட்ஸ் இருக்கும், வண்ணம் வெளுத்துக் கிடக்கும்.

24 அங்குலம், ஐபிஎஸ் பேனல், எஸ்.ஆர்.ஜி.பி. வண்ண எல்லையில் 99 விழுக்காடு அல்லது அதற்கு மேல். இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வேகம் 100 ஹெர்ட்ஸ் இருந்தாலே விளையாட்டுக்குப் போதும். வளைந்த 27 அங்குலத் திரையை அதே விலைக்குக் காட்டுவார்கள். 1080பி அளவில் 27 அங்குலம் என்றால் எழுத்து பிசிறடிக்கும். வளைந்த திரையில் நேர்க்கோடு நேராக இருக்கிறதா என்று சந்தேகம் வரும். கட்டடக்கலை மாணவருக்கு அது வேண்டாத தலைவலி.

கடையில்

கோலாலம்பூர்வாசிகளுக்கு லோ யாட் பிளாசா இருக்கிறது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு சிம் லிம் சதுக்கம். இணைய விற்பனைத் தளங்களில் சில பாகங்கள் மலிவு. எங்கே வாங்கினாலும் 'கேமிங் செட்' என்ற ஒற்றை வரிக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் நிறுவனப் பெயரும் மாடல் எண்ணும் எழுதிய பட்டியலைக் கேளுங்கள். '16 ஜிபி ரேம், 500 வாட் பவர் சப்ளை' என்று மட்டும் எழுதியிருந்தால், "எந்த பிராண்ட் பாஸ்?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு கடை ஏறி இறங்குங்கள். பாகங்களின் பெட்டிகளையும் ரசீதையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உத்தரவாதம் பாகம் பாகமாகத்தான் வரும். கணினி வாங்குவதற்கு வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுப் பிரிவின் கீழ் 2,500 வெள்ளி வரை விலக்குக் கோர இடமுண்டு. அதற்கும் ரசீது வேண்டும்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகளை 'ஐ7, விலை 600 வெள்ளி' என்று விற்பார்கள். பொதுவாக, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அது தட்டச்சுக்கு ஆகும், இந்த வேலைக்கு ஆகாது.

மென்பொருளுக்கென்று திருட்டுப் பிரதியைத் தேடவும் வேண்டாம். மாணவர் விலையில் அடோபி கிடைக்கிறது. ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. பிளெண்டர் எல்லாருக்கும் இலவசம். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில்தான் உருவானது. பிள்ளையின் மேசையில் இருக்கப்போவதும் அதே மென்பொருள்தான் என்பது அப்பாவுக்கும் தெரியட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, உற்சாகத்தில் பலர் தவறவிடும் மூன்றைச் சரிபாருங்கள். திரையின் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். மேலே மதர்போர்டில் இருக்கும் துளையில் செருகினால் 1,300 வெள்ளிக் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால் ரேம் தன் முழு வேகத்தில் ஓடாது. கடைசியாக, விண்டோஸின் திரை அமைப்புக்குள் போய் ஹெர்ட்ஸ் எண்ணை மாற்றுங்கள். 100 ஹெர்ட்ஸ் திரை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.